அடைப்புக்குறிக்குள் ஒரு வாக்குத்தத்தம்

இன்னும் ஒரு பாட்டு, ஒரு நிருப வாசிப்பு, அவ்வளவுதான், அதுக்கப்புறம் நான் எந்திரிச்சுப் போகணும். ஆண்டவர் பரலோகத்துக்கு ஏறிப்போன பரமேறுதல் பண்டிகை, காலை ஆறு மணி ஆராதனை, சுவிசேஷப் பாடம் வாசிப்பவர் எமிமாள் டீச்சர்னு வாசல் பலகையில சாக்பீஸ்ல எழுதியிருக்கு, வரும்போது பாத்தேன், பாக்காத மாதிரி வந்துட்டேன். மாற்கு பதினாறு, பதினாலுலேருந்து இருபது வரைக்கும். ஏழு வசனம். முப்பத்திரண்டு வருஷம் மூணாங்கிளாஸ் பிள்ளைகளுக்குத் தொண்டை கிழியக் கத்தினவளுக்கு ஏழு வசனம் ஒரு வேலையா? ரெண்டு நிமிஷம் ஆகுமா? ஆகாது. அப்போ எதுக்கு இந்தப் பயம்? மூச்சை இழுத்து விடு எமிமா. இழுத்தா வலிக்குதா? வலிக்கல. வலிக்காதுன்னுதான் சொல்லுதாங்க, அந்த மாதிரிக் கட்டி முதல்ல வலிக்காதாம், வலிக்காததுதான் மோசமாம், என் கூடப்பிறந்த கெத்சியாக்காவுக்கும் வலிக்கல. ஐயோ, இப்ப அதை நினைக்காதே. பாட்டைப் பாரு. எத்தனாவது சரணம்? மருமக பெனிட்டா கீர்த்தனைப் புஸ்தகத்தை எனக்கும் சேத்துப் பிடிச்சிட்டு நிக்கா, விரலால வரியைக் காட்டுதா, நான் வாயை மட்டும் அசைக்கேன். எப்பவும் எனக்கு வலது பக்கம்தான் நிப்பா, இன்னைக்கு மே மாசப் புழுக்கத்துல ஃபேனுக்காக இடது பக்கம் வந்து நின்னுட்டா. அதனால வேதத்தை இடது கையில மாரோட அணைச்சு வச்சிருக்கேன். அவ முழங்கை தெரியாம வந்து பட்டுட்டா? சேலைக்கு மேல, ப்ளவுஸுக்கு மேல பட்டாத் தெரியுமா? தெரியாது. ஆனா அவ ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்கிறவ, நாளெல்லாம் ஆளுக கையைத் தடவி நரம்பு தேடுற பிள்ளை, கண்ணால பாக்கிறதை விட விரலாலதான் அதிகம் பாப்பா. வீட்டுக்குள்ள இப்படி ஒருத்தியை வச்சிக்கிட்டு நாலரை மாசமா மறைச்சு நடமாடுதேன். மகன் ஆசீர் குவைத்துல, எங்க வீட்டுக்காரவுக இறந்து ஒன்பது வருஷம், வீட்டுல நாங்க ரெண்டு பொம்பளைகதான், ஆனாலும் துணி மாத்தும்போது கதவைப் பூட்டுதேன். "என்னத்த, புதுப்பொண்ணு மாதிரி தாழ்ப்பாள் போடுதீங்க"ன்னு போன வாரம் கேலி பண்ணுனா. நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்பு எங்கேருந்து வந்துச்சோ, எனக்கே தெரியல.

அப்போ கடலைப்பருப்பு அளவுதான் இருந்துச்சு. கிறிஸ்மஸுக்கு மறுநாள், குளிக்கும்போது சோப்பு வழுக்கிட்டுப் போகுது, இடது மாருல ஒரு இடத்துல கை நின்னுச்சு. திரும்பத் தடவுனேன், இருக்கு. இன்னொரு தடவை, இருக்கு. வாளித் தண்ணி நிறைஞ்சு வழிஞ்சு ஓடுது, குழாயைப் பூட்டணும்னு கூடத் தோணல. ஆத்தாடி, அக்காவுக்கு வந்ததேதான்னு அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு. ஆறு நாள் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. ஏழாம் நாள் புது வருஷக் காலை ஆராதனை. எங்க சபையில அன்னைக்கு ஆராதனை முடிஞ்சதும் பலிபீடத்துக்கு முன்னாடி ஒரு தட்டுல வாக்குத்தத்த அட்டைகளைக் கவுத்து வச்சிருப்பாங்க, வீட்டுக்கு ஒருத்தர் வரிசையில போயி, கண்ணை மூடி ஜெபம் பண்ணி, ஒண்ணே ஒண்ணு எடுக்கணும். எடுத்ததுல இருக்கிற வசனம்தான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் அந்த வீட்டுக்குக் குடுக்கிற வாக்கு. ஒண்ணுதான். பிடிக்கலன்னு மாத்துறதுக்கு அது என்ன கத்திரிக்காயா? அட்டையை இடத்துக்கு வந்துதான் திருப்பிப் பாக்கணும், அதுவும் பழக்கம். நான் அங்கேயே திருப்பினேன். கிருபை போதும்ங்கிற வசனம். எத்தனை வீட்டுல அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க, எத்தனை காலண்டர்ல ரோஜாப்பூ போட்டு அச்சடிச்சிருக்கான், எடுத்தவ யாரா இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பா. ஆனா நான் உபதேசியார் மக, எனக்கு முன்னாடி என்ன இருக்கு, பின்னாடி என்ன இருக்குன்னு தெரியுமே. பவுல் தன் சரீரத்துல இருக்கிற முள்ளை எடுத்துப் போடச் சொல்லி மூணு தடவை கெஞ்சுவாரு, அதுக்குக் கிடைச்ச பதில்தான் அது. எடுக்க மாட்டேன், கிருபை போதும். பின்னாடி வரிசையில நின்ன பொம்பளை லேசா இருமுனா. நான் அட்டையைக் கவுத்துத் தட்டுலயே வச்சிட்டு, பக்கத்துல இருந்த இன்னொண்ணை எடுத்துட்டு விறுவிறுன்னு வந்துட்டேன். வந்து உக்காந்து திருப்பினா, வியாதியஸ்தர் மேல கை வைப்பாங்க, அவங்க சொஸ்தமாவாங்கன்னு இருக்கு. மாற்கு பதினாறு பதினெட்டு. தேம்பித் தேம்பி அழுதேன். "என்னத்த வசனம் வந்துச்சு, இப்படி அழுறீங்க"ன்னு பெனிட்டா கேட்டா, காட்டினேன். "நமக்கு யாருக்கு வியாதி, எல்லாரும் கல்லு மாதிரி இருக்கோம்"னு சொல்லி அவளே வீட்டுல ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சா.

பாட்டு முடிஞ்சுது. எல்லாரும் உக்காருறாங்க. பொன்ராஜ் அண்ணாச்சி நிருபம் வாசிக்க எந்திரிச்சுப் போறாரு, வேட்டி மொடமொடங்குது, நடையில இன்னும் நேத்துக் கோவம் இருக்கு. சபைக்கு மூத்த மூப்பரு அவரு. நேத்து சாயங்காலம் வேதபாட வகுப்புல என்ன கத்துக் கத்துனாரு! ஈஸ்டருக்கு யாரோ காணிக்கையாக் குடுத்த புது வேதம்தான் இப்போ வாசிப்பு மேடையில இருக்கு, புதுப் பதிப்பு, அதுல மாற்கு கடைசி அதிகாரத்துல ஒன்பதாம் வசனத்துக்கு முன்னாடி ஒரு அடைப்புக்குறி திறந்து, இருபதாம் வசனத்துக்குப் பின்னாடி மூடுது, கீழ பொடி எழுத்துல ஒரு குறிப்பு. இது என்ன கூத்துன்னு அண்ணாச்சிதான் கேட்டாரு. எங்க சபைப் போதகர் கிறிஸ்துதாஸ் ஐயர் சின்ன வயசு, குருப்பட்டம் வாங்கி வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது, ஒளிவு மறைவு தெரியாது அவருக்கு. "இருக்கிறதுலயே பழைய கையெழுத்துப் பிரதிகள்ல இந்தப் பன்னெண்டு வசனம் கிடையாது அண்ணாச்சி. எட்டாம் வசனத்தோட முடிஞ்சிருது. இது பின்னாடி சேந்ததா இருக்கணும்னு படிச்சவங்க சொல்லுதாங்க"ன்னாரு. எவ்வளவு சாதாரணமாச் சொல்லிட்டாரு! டீ டம்ளரைக் கையில வச்சிக்கிட்டு. எனக்குக் காதுக்குள்ள ஙொய்ன்னு ஒரு சத்தம். அண்ணாச்சி எந்திரிச்சுட்டாரு. "இன்னைக்குப் பன்னெண்டு வசனத்தைத் தூக்குவீங்க, நாளைக்கு உயிர்த்தெழுதலையே தூக்குவீங்க. வேதம்னா அட்டையிலேருந்து அட்டை வரைக்கும் தேவனுடைய வார்த்தை. ஒரு புள்ளி தப்புன்னு சொன்னாலும் முழுசும் போச்சு ஐயா." "நான் தூக்கலியே அண்ணாச்சி. சபை எத்தனையோ நூறு வருஷமா இதை வேதம்னு ஏத்துக்கிட்டு வாசிச்சிட்டு வருது, நாளைக்கு நம்மளும் வாசிக்கப் போறோம். ஆனா இருக்கிற விஷயத்தை ஜனங்ககிட்ட மறைச்சா, அது வேதத்துக்குச் செய்யிற மரியாதையா? இதுலயே சர்ப்பத்தைப் பிடிப்பாங்கன்னும் இருக்கு, விஷம் குடிச்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னும் இருக்கு. நீங்க நல்லபாம்பைப் பிடிப்பீங்களா?" எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சுட்டாங்க. அண்ணாச்சி மூஞ்சி சிவந்து போச்சு. நான் சிரிக்கல. பாம்பு இருக்கிற அதே வசனத்துலதான் என் கையும் இருக்கு. ஒரே வசனம். பாம்பு சும்மான்னா கை மட்டும் எப்படி நெசம்?

அண்ணாச்சி கணீர்னு வாசிக்காரு. ஒரு வார்த்தை கூட என் காதுல ஏறல. இந்தப் பன்னெண்டு வசனம் இல்லாட்டா என் அட்டை என்ன ஆகும்? கர்த்தர் சொல்லாததை நான் கர்த்தர் சொன்னார்னு நம்பி நாலரை மாசம் உக்காந்திருந்தேனா? ஜனவரியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா? போயிருந்தா கடலைப்பருப்பு. மார்ச்சுல சுண்டைக்காய். இப்ப நெல்லிக்காய், நேத்து ராத்திரி கூடத் தடவிப் பாத்தேன், அசைய மாட்டேங்குது, முன்னாடி விரலுக்குக் கீழ நழுவும், இப்ப வேர் பிடிச்ச மாதிரி நிக்குது. அக்குள்ல வேற ஏதோ தட்டுப்படுது. இல்ல, அது சும்மா. சும்மாவா? கர்த்தாவே, கட்டி பெருசாகப் பெருசாக நான் அட்டையைப் பாத்து ஆமென் சொன்னேனே. ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் சொன்னேன், மோர் எடுக்கும்போது சொன்னேன், மாவு எடுக்கும்போது சொன்னேன். விசுவாசம்னு நினைச்சேன். இப்ப யோசிச்சா, ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கிறதுக்கு எனக்கு ஒரு சாக்கு வேணும், அதுக்கு வசனத்தைப் பிடிச்சுக்கிட்டேன். இல்ல இல்ல, அப்படி இல்ல. வசனம் வசனம்தான். அப்பா என்ன சொல்லுவாரு? அப்பா இருந்தா ஐயரைக் குடையால அடிச்சிருப்பாரு. வேதத்து மேல மூக்குக்கண்ணாடியைக் கூட வைக்க விட மாட்டாரு, கை தவறிக் கீழ விழுந்துட்டா எடுத்து முத்தம் குடுப்பாரு. அவர் வேதம் இது, இந்தா மாரோட அணைச்சிருக்கேனே, இதுதான், இதுல அடைப்புக்குறி கிடையாது, காலையில எந்திரிச்சதும் முதல் வேலையா அதைத்தான் திறந்து பாத்தேன். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, எல்லாம் ஒரே வரிசையில அமைதியா நிக்குது. அப்போ அப்பா வேதத்துல இது தேவ வார்த்தை, மேடையில இருக்கிற வேதத்துல இது சந்தேகமா? எந்த வேதத்துக்கு என் கட்டி கட்டுப்படும்? சீ, என்ன யோசனை இது, ஆராதனை நேரத்துல.

அக்கா வேதமும் என்கிட்டதான் இருக்கு, பீரோவுல. கெத்சியாள், எமிமாள், யோபுவுக்குப் பாடெல்லாம் முடிஞ்ச பிறகு பிறந்த பொம்பளைப் பிள்ளைக பேரு, அப்பா ஆசைப்பட்டு வச்சது, இனி நம்ம வீட்டுல பாடு கிடையாதுன்னு. அக்கா வேதத்துல சங்கீதத்துக்குள்ள ஒரு அட்டை இன்னும் இருக்கு, சாகாமப் பிழைச்சிருப்பேன்ங்கிற வசனம், பென்சில்ல தேதி எழுதி வச்சிருக்கா. அவ எடுத்தது, ஒரே தடவை கை நீட்டி எடுத்தது, மாத்தல. அந்த வருஷம் செப்டம்பர்ல போயிட்டா. மருந்து ஏத்தி ஏத்தி, மொட்டைத் தலையோட, விரல் நகமெல்லாம் கறுத்து. அடக்கம் முடிஞ்ச அன்னைக்கு அப்போ இருந்த பெரிய ஐயர்கிட்ட அந்த அட்டையைக் காட்டினேன். "கர்த்தருடைய சமூகத்துல பிழைச்சிருக்கா அம்மா, அதுதானே நிஜமான ஜீவன்"னாரு. ஆமென்னேன். வாய் ஆமென்னுச்சு. உள்ளுக்குள்ள, இது ஏமாத்து வேலை இல்லியா, எப்படிப் புரட்டினாலும் சரியா வர்ற மாதிரி ஒரு வாக்கு ஒரு வாக்கான்னு ஒரு கேள்வி எந்திரிச்சுது, அதை அப்படியே அமுக்கிட்டேன், கேட்டா தேவதூஷணம் ஆயிடும்னு பயம். ஆறு வருஷமா அமுக்கி வச்சிருக்கேன். அதுதான் இங்க வந்து கட்டியா நிக்குதோ? ஐயையோ, என்ன பேச்சு. ஆனா பயம் ரெண்டு பக்கமும் இழுக்குதே. வேதம் அப்படியே நெசம்னா, நான் திருப்பி வச்ச அட்டையும் நெசம், அந்த மறுப்பும் எனக்குத்தான் சொன்னது, நான் கர்த்தருக்கு முன்னாடி வச்சே திருட்டுத்தனம் பண்ணியிருக்கேன், இரண்டாவது அட்டை வேற யாருக்கோ வரவேண்டியது, எந்த வீட்டு நோயாளிக்குப் போக வேண்டியதோ. வேதம் அப்படியில்லன்னா, எனக்குப் பிடிச்சுக்கிட ஒண்ணுமே இல்ல. எங்கிட்டுத் திரும்பினாலும் சுவரு. போன மாசம் பக்கத்து ஊர்ல ஜெபக்கூட்டத்துக்குக் கூடப் போயிட்டு வந்தேனே, பெனிட்டாகிட்ட ரிட்டயர்டு டீச்சர்மார் கூட்டம்னு பொய் சொல்லிட்டு. பிரசங்கம் பண்ணினவரு தலையில கை வச்சாரு, "என்ன வியாதி தாயே"ன்னாரு. சுத்தி நூறு பேரு. "உடம்பு சரியில்ல ஐயா"ன்னேன். "விசுவாசிக்கியா?" "விசுவாசிக்கேன்." கை தலையில இருந்துச்சு, கட்டி மாருல இருந்துச்சு. அடுத்த ஆளுக்குப் போயிட்டாரு. கை வச்சாங்கதானே? வசனப்படி எல்லாம் நடந்துச்சுதானே? வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிப் பாத்தேன். அப்படியேதான் இருந்துச்சு.

"இத்துடன் நிருபம் முடிகிறது." அண்ணாச்சி குரல். ஆத்தாடி, முடிஞ்சுட்டுது. பெனிட்டா முழங்கையால லேசா இடிக்கா, இடது பக்கம், பட்டுட்டு, பட்டுட்டு, கவனிச்சாளா? இல்ல, கவனிக்கல. "அத்தை, நீங்கதான். போங்க." எந்திரிக்கேன். அப்பா வேதத்தைப் பெஞ்சுல வச்சாச்சு. எல்லாரும் சுவிசேஷத்துக்கு எந்திரிச்சு நிக்காங்க, சேலைச் சரசரப்பு, பெஞ்சு கிரீச்சிடுது. நடுப்பாதையில நடக்கேன். அண்ணாச்சி எதிர்ல வாறாரு, என்னைத் தாண்டும்போது மெதுவா, "டீச்சர், அந்தக் குறிப்பை எல்லாம் வாசிக்காதீங்க, வசனத்தை மட்டும் கம்பீரமா வாசிங்க"ங்காரு. தலையாட்டுதேன். அவரு முகத்தைக் கிட்டத்துல பாத்தேன். கோவம் இல்ல அது. பயம். போன வருஷம் அவரு பேத்தி ஏழு வயசுல போனாளே, அடக்க ஆராதனையில உயிர்த்தெழுதல் வசனத்தை அவருதான் நடுங்காம வாசிச்சாரு. ஒரு வசனம் ஆடினாலும் அந்தப் பிள்ளை படுத்திருக்கிற குழி ஆடிப் போகும் அவருக்கு. நேத்து அவரைப் பாத்துச் சிரிச்சவங்களுக்கு இது தெரியுமா? நான் கூட இப்பத்தான் பாக்கேன்.

மேடை. ரெண்டு படி. புது வேதம் பெருசா விரிஞ்சு கிடக்கு, பட்டு நாடா போட்டு ஐயர் பக்கத்தை எடுத்தே வச்சிருக்காரு. கண்ணாடியை ஏத்தி விடுதேன். பதினாலு எங்க? விரல் போகுது, முதல்ல அடைப்புக்குறிதான் கண்ணுல படுது, கறுப்பா, சின்னதா, கதவுல போட்ட கொண்டி மாதிரி. அதுக்கு முந்தின வரி எட்டாம் வசனம். ஐயர் நேத்துச் சொன்னாரே, பழைய பிரதி இங்கதான் முடியுதுன்னு, அந்த இடம். என்னதான் இருக்கு அங்கன்னு பாத்தேன். பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன். கல்லறைக்குப் போன பொம்பளைக. மூணு பேரு. நடுங்கிட்டு வெளிய ஓடி வாறாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் சொல்லல. ஏன்னா பயந்தாங்க. அவ்வளவுதான். அதோட முடியுது. எத்தனை ஈஸ்டருக்கு நான் இதை வாசிச்சிருக்கேன், ஞாயிறு பள்ளியில எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், ஒரு தடவை கூட இந்த வரியில கால் தடுக்கல, அடுத்த வரி நல்லா இருக்கும், அதுக்கு ஓடிருவேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் சொல்லல. என்னைப் பாத்து எழுதின மாதிரி இருக்கு. குளியலறையிலேருந்து ஓடி வந்தவ நான்தான். பழைய காலத்துல இதை எழுதிட்டு வந்தவன் எவனோ, இந்த வரிக்கு வந்ததும் அவனுக்கும் என்னை மாதிரியே கை நின்னு போயிருக்கும், இப்படியா ஒரு சுவிசேஷத்தை முடிக்கிறது, பயத்தோடயா, இதை நான் எப்படிச் சபைக்கு வாசிப்பேன்னு, இன்னும் நல்ல முடிவா ஒண்ணைத் தேடியிருப்பான். அவனும் தட்டுல வச்சிட்டு வேற எடுத்திருக்கான். பாவம். அவன் மேல எனக்குக் கோவம் வரல. அவன் எழுதினது நெசமா இல்லியா, எனக்குத் தெரியாது, ஐயருக்கும் முழுசாத் தெரியாது, ஆனா அந்த எட்டாம் வசனத்தை ஒருத்தரும் சந்தேகப்படல, பழைய பிரதியிலயும் இருக்கு, அப்பா வேதத்துலயும் இருக்கு, அதுக்கு அடைப்புக்குறி கிடையாது.

எவ்வளவு நேரம் நின்னேன்? ஒரு குழந்தை சிணுங்குது. ஐயர் ஓரக்கண்ணால பாக்காரு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது, அட கிறுக்கி, அந்தப் பொம்பளைக ஒருத்தருக்கும் சொல்லவே இல்லன்னா, அவங்க சொல்லலைங்கிற விஷயம் இந்தப் புஸ்தகத்துக்குள்ள எப்படி வந்துச்சு? சொல்லியிருக்காங்க. அன்னைக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. நாலு நாள் கழிச்சோ, நாலு மாசம் கழிச்சோ, எவகிட்டயோ, அடுப்படியிலயோ கிணத்தடியிலயோ வச்சு, நாங்க பயந்துட்டோம்னு சொல்லியிருக்கா ஒருத்தி. பயம் போனதாலயா சொன்னா? இருக்காது. பயத்தோடயேதான் சொல்லியிருப்பா. அந்த ஒருத்தி வாயைத் திறக்காம இருந்திருந்தா இந்தக் கோயிலும் இல்ல, மேடையும் இல்ல, நானும் இல்ல. "மாற்கு எழுதின சுவிசேஷம், பதினாறாம் அதிகாரம்"னு என் குரல் கேக்குது, வகுப்புல கேக்கிற அதே குரல், நடுங்குதா, நடுங்கட்டும், "எட்டாம் வசனம்." கீழ வேதத்தாள் புரளுற சத்தம். அண்ணாச்சி தலையைத் தூக்குதாரு. பதினாலுதானே போட்டிருந்துச்சுன்னு யாரோ கிசுகிசுக்காங்க. எட்டை வாசிச்சேன். முழுசா, மெதுவா. பயந்தாங்கங்கிற இடத்துல நிறுத்தினேன், ஒரு கூட்டம் ஜனம் என்னைப் பாத்துக்கிட்டு நிக்குது. அப்புறம் பதினாலுக்குப் போனேன். விடல, ஒண்ணையும் விடல, அண்ணாச்சிக்காக, அவரு பேத்திக்காக, பாம்பையும் வாசிச்சேன், விஷத்தையும் வாசிச்சேன், வியாதியஸ்தர் மேல கை வைக்கிறதையும் வாசிச்சேன். அது என் அட்டை இல்ல, நான் திருடினதுன்னு நினைச்சுக்கிட்டேதான் வாசிச்சேன். "இத்துடன் சுவிசேஷம் முடிகிறது."

இடத்துக்கு வந்து விழுந்த மாதிரி உக்காந்தேன். வேர்வை கழுத்துல ஓடுது. அப்பா வேதம் பெஞ்சுலயே கிடக்கு, அதை எடுத்து மாருல அணைக்கணும்னு கை போச்சு, அதைப் பிடிச்சு மடியில வச்சிக்கிட்டேன். மறைக்க ஒண்ணும் இல்லாம இடது பக்கம் திறந்து கிடக்கிற மாதிரி இருக்கு. இப்பச் சொல்லலன்னா வீட்டுக்குப் போனதும் சொல்ல மாட்டேன். தோசை சுடுவேன், ஃபிரிட்ஜைத் திறப்பேன், ஆமென் சொல்லுவேன், அடுத்த மாசம் எலுமிச்சங்காய் ஆகும். எனக்கு என்னைத் தெரியும். பெனிட்டா காதுகிட்ட குனியுதா. "என்னத்த, பதினாலுலேருந்துதான? எதுக்கு எட்டை வாசிச்சீங்க? ஐயரே முழிச்சாரு." அவ முகத்துல இன்னும் சிரிப்பு இருக்கு. இந்தச் சிரிப்பு இன்னும் ஒரு நிமிஷம் இருக்கட்டுமே. கர்த்தாவே, எனக்குச் சாகப் பயமா இருக்கு. மொட்டைத் தலைக்குப் பயமா இருக்கு, கறுத்த நகத்துக்குப் பயமா இருக்கு, இந்தப் பிள்ளை மூஞ்சி மாறுறதைப் பாக்கப் பயமா இருக்கு. "உன் கையைக் குடு"ன்னேன். "என்னது?" "குடுளா." முந்தானையைத் தோள் வழியா முன்னாடி இழுத்து மூடிக்கிட்டு, அதுக்குள்ள அவ கையைக் கொண்டு போயி அந்த இடத்துல வச்சேன். பிரசங்கத்துக்கு முந்தின பாட்டுக்கு எல்லாரும் எந்திரிச்சு நிக்காங்க, எங்களைச் சுத்திச் சேலையும் முதுகும்தான். அவ விரலுக்கு முதல்ல ஒண்ணும் விளங்கல. அப்புறம் நின்னுச்சு. லேசா அமுக்குச்சு, இந்த ஓரம், அந்த ஓரம், கீழ, மெதுவா அக்குள் பக்கம் போச்சு, அங்கேயும் நின்னுச்சு. சிரிப்பு போயிட்டுது. நான் அவ மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன், அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு வாசிக்கத் தெரியும்.

"எப்பலேருந்து அத்தை?"

"கிறிஸ்மஸுக்கு மறுநாள்லேருந்து."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் சொல்லலளா. பயந்துட்டேன்."

பாட்டு ரெண்டாவது சரணத்துக்குப் போயிட்டுது. அவ எந்திரிக்கல, நானும் எந்திரிக்கல. அவ கையை எடுக்கல.